துவைக்கும் சத்தம்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கத்த ஆரம்பித்தது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்த மெஷின். வாங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. துவைக்கும்போது ஒன்றுமில்லை. தண்ணீரை வெளியேற்றிவிட்டுத் துணியைப் பிழிய வேகமெடுத்ததும், மொட்டை மாடிக்கு மேல் விமானம் தாழப் பறப்பதுபோல ஓர் இரைச்சல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ்வீட்டுத் தாத்தா படியேறி வந்து, "என்னப்பா, போர் போடுறீங்களா?" என்று கேட்டார்.

"அத நிறுத்துடா. வெடிச்சு கிடிச்சு வைக்கப்போவுது" என்றாள் அம்மா.

மறுநாள் கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். கதவைத் திறந்து டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றினார். "பேரிங் போயிடுச்சு சார். இந்த மாடலுக்குப் பேரிங் தனியா வராது. டிரம் செட்டோட மாத்தணும். ஒம்போதாயிரம் ஆவும். அதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசே எடுத்துக்கலாம்." மொத்தம் நான்கு நிமிடம். வருகைக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொன்ன நோய் சரி. சொன்ன வைத்தியம் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்த மெஷினைப் பிரித்துப் பூட்டிய கதை. கூடவே, துவைக்கிற வேலை கையிலிருந்து இயந்திரத்துக்கு எப்படிப் போனது, அந்த இயந்திரம் ஏன் கத்துகிறது, அதன் சத்தத்தை அடக்க மனிதர்கள் என்னென்ன செய்தார்கள் என்ற கதையும் இதில் இருக்கிறது.

1. காதால் நோய் பார்த்தல்

முதலில் ஒரு தப்பு செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெக்கானிக் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டி, அடியில் இருக்கும் ஃபில்டரைத் திருகிக் கழற்றினேன். ஒரு லிட்டர் கறுப்புத் தண்ணீர், ஒரு ஒற்றை ரூபாய் நாணயம், இரண்டு ஹேர்பின். கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். மெஷினை ஓட்டினால் அதே விமானம்.

பிறகுதான் நிதானமாகக் கேட்கத் தொடங்கினேன். மெஷின் எந்தக் கட்டத்தில் கத்துகிறது என்பதுதான் முதல் தடயம். தண்ணீர் வெளியேறும்போது மட்டும் கரகரவென்றால், பம்பில் நாணயமோ பட்டனோ சிக்கியிருக்கிறது. டிரம் மெதுவாகச் சுற்றும்போதே உலோகத்தில் கீறுகிற சத்தம் வந்தால், உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் பிராவின் கம்பி. கிறீச்சென்று இழுத்தால் பெல்ட். பிழியும்போது திடும் திடும் என்று இடித்தால், துணி ஒரு பக்கமாகச் சேர்ந்திருக்கிறது அல்லது தொட்டியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கிறது. புத்தம்புது மெஷின் இடித்துக்கொண்டு நடந்து போனால், வண்டியில் ஏற்றி வரும்போது டிரம் ஆடாமலிருக்க மாட்டிய போல்ட்டுகளைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். வேகம் கூடக்கூட உறுமலும் சீராகக் கூடிக்கொண்டே போனால்தான் பேரிங்.

உறுதிசெய்ய மின்சாரம் தேவையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும். மணலில் உரசுகிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரியும். பிறகு டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். உள்டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் கவலையில்லை, அது ஸ்பிரிங்கின் ஆட்டம். உள்டிரம் மட்டும் தனியாக ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது. எங்களுடையது தனியாகத்தான் ஆடியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, நடுத் தண்டிலிருந்து கீழ்நோக்கித் துருவின் செந்நிறக் கோடு ஒன்று வழிந்திருந்தது.

அந்தக் கோடுதான் முழுக் கதையும். டிரம்முக்குள் இருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் சீல் உண்டு. பல வருட ஓட்டத்தில் அது தேய்கிறது. தண்ணீர் கசிந்து உள்ளே போய் கிரீஸைக் கரைக்கிறது. கிரீஸ் போனால் எஃகு துருப்பிடிக்கிறது, துரு உருண்டைகளை அரிக்கிறது. வழவழப்பாக இருந்த பாதை குண்டும் குழியுமாகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் முறை அந்தக் குழிகளில் உருண்டைகள் விழுந்தெழும் சத்தத்தைத்தான் நாங்கள் விமானம் என்று நினைத்தோம்.

2. குளவிக்கூட்டில் காகிதம் செய்த பாதிரியார்

துவைக்கும் இயந்திரத்தின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆள் யாகோப் கிறிஸ்டியான் ஷேஃபர். ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையிலுள்ள ரேகன்ஸ்பர்க் நகரத்துப் புராட்டஸ்டண்ட் பாதிரியார். காளான்களைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் படங்களோடு பெரிய நூல்கள் எழுதியவர். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் காகிதம் கந்தல் துணியிலிருந்துதான் வந்தது. கந்தலுக்குத் தட்டுப்பாடு. ஷேஃபர் குளவிக்கூடு, பாசி, வைக்கோல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூழாக்கிக் காகிதம் செய்து பார்த்தார். 1767-ஐ ஒட்டி, ஒரு துவைக்கும் இயந்திரத்தின் அமைப்பை விளக்கி ஒரு நூலும் வெளியிட்டார்.

மரத்தொட்டி, மூடி, மூடி வழியே உள்ளே இறங்கும் ஒரு தண்டு, மேலே ஒரு கைப்பிடி. தண்டைத் திருப்பினால் உள்ளே துணி அலைபடும். இவ்வளவுதான். கை தண்ணீரில் படவில்லை என்பது இதிலுள்ள பெரிய விஷயம். வெந்நீரும் காரமும் தின்ற கைகளைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயமல்ல. 1782-இல் இங்கிலாந்தில் ஹென்றி சிட்ஜியர் என்பவர் மரச் சட்டங்களாலான ஒரு கூண்டைச் சுழற்றும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சுழலும் டிரம்முக்கு அது ஒரு பாட்டன் முறை.

அடுத்த நூறு வருடமும் கைப்பிடிதான். நூற்றுக்கணக்கான காப்புரிமைகள், எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு பெண் நின்று சுற்ற வேண்டும். மின்சார மோட்டார் வந்த பிறகுதான் அது மாறியது. இதைக் கண்டுபிடித்தவர் சிகாகோவைச் சேர்ந்த ஆல்வா ஃபிஷர் என்று பல புத்தகங்களில் படிக்கலாம். அவர் பெற்ற காப்புரிமை 1910 ஆகஸ்ட் 9 தேதியிட்டது. ஹர்லி கம்பெனி அந்த மெஷினை 'தார்' என்ற பெயரில் விற்றது. ஆனால் 1904-லேயே அமெரிக்கச் செய்தித்தாள்களில் மின்சாரத் துவைக்கும் இயந்திரத்துக்கு விளம்பரம் வந்திருக்கிறது. ஃபிஷருக்கு முன்பே செய்தவர்கள் இருந்தார்கள். பெயர்தான் நிலைக்கவில்லை. துவைக்கிற வேலையைப் பற்றிய வரலாற்றில் பெயர் நிலைக்காமல் போவது இது ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

3. தரையில் அறைந்த மெஷின்

1937-இல் அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் வீட்டுக்கான முதல் தானியங்கி மெஷினை அறிமுகம் செய்தது. தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும், துவைக்கும், அலசும், பிழியும். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. இன்றைய மெஷின்களுக்கு இதுதான் நேர் மூதாதை. ஒரு சிக்கல்: இதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழியும்போது துள்ளிக் குதிக்கும். வாடகை வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்?

ஏன் துள்ளுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். டிரம்மின் ஆரம் 23 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் துணியின் மேல் புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 257 மடங்கு விசை செயல்படுகிறது. அதனால்தான் தண்ணீர் துளை வழியே பறந்து போகிறது. இப்போது அரைக் கிலோ எடையுள்ள ஈரத்துண்டு ஒன்று ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டால்? 128 கிலோ எடை, விநாடிக்குப் பதினாறு பதினேழு முறை, டிரம்மை மேலும் கீழும் இடமும் வலமும் பிடித்து இழுப்பதற்குச் சமம். ஒரு துண்டு செய்யும் வேலை இது.

தரையில் அறைவதைத் தவிர வேறு வழி கண்டுபிடிக்க அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் பட்ட பாடுதான் இன்றைய மெஷினின் உள்ளமைப்பு. தொட்டியை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டார்கள். கீழே ஷாக் அப்சார்பர் வைத்தார்கள். ஆடாமலிருக்கத் தொட்டியோடு ஒரு கான்கிரீட் கட்டியைக் கட்டினார்கள். ஆமாம், சிமெண்ட் கான்கிரீட். எங்கள் மெஷினைப் பிரித்தபோது அதைப் பார்த்த அம்மா, "கல்லத் தூக்கி உள்ள வெச்சுட்டானா?" என்று கேட்டாள். துவைக்கிற கல்லிலிருந்து தப்பித்து வந்தவளுக்கு மெஷினுக்குள்ளும் ஒரு கல்.

நம் ஊர் வீடுகளுக்கு முதலில் வந்தது இந்த ரகம் அல்ல. துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று இருந்த செமி ஆட்டோமேட்டிக். அதன் அடியில் சுழலும் தட்டு, 1948-இல் பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் கொண்டுவந்த மெஷினின் வழிமுறை. 1953-இல் ஜப்பானில் சான்யோ அதே வழியில் மலிவாக ஒன்றைச் செய்தது. அந்தக் காலத்து ஜப்பானியக் குடும்பங்கள் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கறுப்பு வெள்ளை டிவி மூன்றையும் அரச குலத்தின் மூன்று புனிதப் பொருள்களோடு ஒப்பிட்டுப் பேசின. எங்கள் தெருவில் 1990-களில் முதல் மெஷின் வந்த வீட்டில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தது எனக்கு ஞாபகமிருக்கிறது. பெரிய வித்தியாசமில்லை.

4. உருண்டைகள் வந்த வழி

பேரிங்குக்கு வருவோம். ஓர் எஃகு வளையம், அதற்குள் இன்னொரு வளையம், நடுவில் உருண்டைகள். உரசலை உருளலாக மாற்றும் ஏற்பாடு. 1794-இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் ஊரில் இரும்புத் தொழில் நடத்திய ஃபிலிப் வாகன், வண்டி அச்சில் உருண்டைகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் இல்லாவிட்டால் பயனில்லை. ஒன்று ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால்கூட பாரம் முழுக்க அதன் தலையில் ஏறும். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகு உருண்டைகளைச் சீராகத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்தச் சின்ன ஊர் உலகத்தின் பேரிங் ஊர்களில் ஒன்றாக ஆனது.

இன்னொரு ஊர் ஸ்வீடனின் கோதன்பர்க். அங்கே ஒரு துணி ஆலையில் இயந்திரங்களைப் பராமரித்தவர் ஸ்வென் விங்குவிஸ்ட். ஆலை நின்றது களிமண் நிலத்தில். மண் அசைய அசைய, கட்டடம் சற்றே சாயும்; கூரையோடு ஓடும் நீண்ட தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகும்; பேரிங்குகள் அடிக்கடி போய்விடும். தண்டு கொஞ்சம் சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் இரட்டை வரிசைப் பேரிங்கை அவர் 1907-இல் வடிவமைத்தார். எஸ்.கே.எஃப் என்ற நிறுவனம் அந்த ஆண்டில் அதிலிருந்து பிறந்தது. துணி நெய்யும் ஆலையின் கோளாறிலிருந்து வந்தது என்பதைத் துணி துவைக்கும் மெஷினைப் பிரித்துவைத்துக்கொண்டு படிக்கையில் ஒரு சந்தோஷம் வந்தது.

அந்தச் சந்தோஷம் அடுத்த பக்கத்தில் போய்விட்டது. பேரிங் இல்லாமல் விமானம், டாங்கி, லாரி எதுவும் ஓடாது. ஆகவே இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படை பேரிங் ஊரைக் குறிவைத்தது. 1943 ஆகஸ்ட் 17 அன்று 376 குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. 60 திரும்பவில்லை. ஒரு விமானத்துக்குப் பத்துப் பேர். ஒரு பிரிவு ஷ்வைன்ஃபர்ட்டுக்குப் போனது. இன்னொரு பிரிவு விமானத் தொழிற்சாலை ஒன்றைத் தகர்க்கப் போனது ரேகன்ஸ்பர்க்குக்கு. நம் பாதிரியாரின் ஊர். துவைக்கும் இயந்திரத்தின் ஊரும் அதன் பேரிங்கின் ஊரும் ஒரே நாளில், ஒரே தாக்குதலில். அக்டோபர் 14 அன்று மீண்டும் ஷ்வைன்ஃபர்ட்டுக்கு 291 விமானங்கள் போயின. மறுபடியும் 60 இழப்பு.

ஒரு பேரிங்கின் விலை என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போது இந்த எண்கள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன.

5. பிரித்தோம்

என் சித்தப்பா முப்பது வருடம் லேத் பட்டறையில் வேலை செய்தவர். விஷயத்தைச் சொன்னதும், "தனியா வராதாமா? பேரிங்ல நம்பர் அடிச்சிருப்பான்டா. நம்பர் இருந்தா கடையில இருக்கும்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஸ்பானர் பெட்டியோடு வந்துவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே பிரித்தோம். மேல் தகடு, சோப்புப் பெட்டி, கதவைச் சுற்றிய ரப்பர், கான்கிரீட் கட்டி, மோட்டார், பெல்ட், ஹீட்டரின் ஒயர்கள். கடைசியில் தொட்டியை ஸ்பிரிங்கிலிருந்து இறக்கிக் கூடத்தில் பாயின் மேல் வைத்தோம். தொட்டியைச் சுற்றி ஸ்க்ரூக்கள் இருந்தன. அது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது வரும் பல மெஷின்களில் இரண்டு பாதிகளையும் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் ரம்பம்தான்.

பின்சக்கரத்தைக் கழற்றி, தண்டின் முனையில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் டிரம் வெளியே வரும் என்றார் சித்தப்பா. ஒரு மணி நேரம் வரவில்லை. நான் இரும்புச் சுத்தியலால் நேராக அடிக்கப் போனேன். "டேய், மரத்த வெச்சு அடி. தண்டு முனை மழுங்கிச்சுன்னா எல்லாம் போச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். துருவிளக்கும் எண்ணெய் விட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து தட்டியபோது வந்தது. உள்ளே பழுப்புச் சேறு. சித்தப்பா அதை விரலால் வழித்துத் தள்ளிவிட்டு, டிரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினியச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் விரிசல் இருந்தால் பேரிங் மாற்றியும் பிரயோஜனமில்லை. விரிசல் இல்லை.

பழைய பேரிங்கைத் துடைத்தபோது எண்கள் தெரிந்தன. பின்னால் 6205, டிரம் பக்கம் 6206. இந்த எண் ஒரு கம்பெனியின் ரகசியம் அல்ல, உலகம் முழுக்க ஒன்றே. 6 என்றால் ஒற்றை வரிசை, ஆழ்ந்த பள்ளமுள்ள உருண்டைப் பேரிங். 2 என்பது அளவு வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம்: 05 என்றால் 25 மில்லிமீட்டர், 06 என்றால் 30. இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான்கு நிமிடத்தில் போன மெக்கானிக்கும் படித்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு இருக்கும்போது கூடத்தில் பாய் விரித்து இரண்டு நாள் உட்கார யாரால் முடியும்?

பாரிமுனைப் பக்கம் ஒரு பேரிங் கடையில் எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்தார்கள். சீலும் கிரீஸும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். புதுப் பேரிங்கை இரவு ஃப்ரீசரில் வைத்தோம், சுருங்குவதற்காக. தொட்டியின் குழியைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றினோம், விரிவதற்காக. வெளிவளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்க வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் உருண்டைகளின் பாதையில் தழும்பு விழும், புதுப் பேரிங்கே முதல் நாளில் கத்தும். சீலின் உதட்டில் தண்ணீர் புகாத கிரீஸ் தடவி வைத்தோம். பூட்டி முடிக்க ஞாயிறு மாலை ஆகிவிட்டது. ஒரு ஸ்க்ரூ மிச்சம். அது எங்கே போக வேண்டும் என்று இன்றுவரை தெரியவில்லை.

6. வண்ணாரப்பேட்டை

எங்கள் வீடு இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில். இந்தப் பெயரைத் தினமும் சொல்கிறேன், மெட்ரோ ரயிலில் அறிவிப்பாகக் கேட்கிறேன். மெஷினைப் பிரித்த அந்த இரண்டு நாளில்தான் பெயரின் அர்த்தம் உறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகத் துணி வாங்கி அனுப்பியது. தறியிலிருந்து வந்த துணி அப்படியே போகாது. வெளுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் குடியிருந்த பேட்டை இது.

வெள்ளாவி என்ற சொல் இப்போது சினிமாப் பாட்டில்தான் மிச்சம். உவர்மண் கரைத்த நீரில் துணியை நனைத்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, அடியில் தீ மூட்டி ஆவியில் வேகவைப்பது. உவர்மண்ணின் காரமும் வெப்பமும் சேர்ந்து எண்ணெய் அழுக்கைக் கரைக்கும். பிறகு துறையில் கல்லில் அடித்து, அலசி, வெயிலில் விரிப்பது. எங்கள் மெஷினில் சூட்டோடு ஓடும் சுற்றில் நடப்பதும் இதேதான். காரத்துக்குச் சோப்புப் பவுடர், தீக்கு ஹீட்டர், கல்லில் அடிப்பதற்குப் பதில் டிரம்மின் மேலிருந்து விழுவது. யார் வீட்டுத் துணி எது என்று தெரிய, சேராங்கொட்டைச் சாற்றால் மூலையில் ஒரு குறி போடுவார்கள். அந்தக் குறி துவைத்தால் போகாது. போட்டவருக்குத்தான் படிக்கத் தெரியும்.

சங்கப் பாடல்களில் துணி வெளுக்கும் பெண்ணுக்குப் புலைத்தி என்று பெயர். அவளுடைய கஞ்சி போட்ட கை பாட்டில் வருகிறது, அவள் பெயர் வருவதில்லை. அதே ஊமைத்தனம் இருபதாம் நூற்றாண்டு வரை நீள்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில் தலித் மக்களின் துணிகளை வெளுக்கும் புதிரை வண்ணார்கள் பகலில் வெளியே வரக்கூடாது, அவர்களைக் கண்ணால் பார்த்தாலே தீட்டு என்று ஊர் வைத்திருந்ததை 1932 டிசம்பரில் வந்த 'இந்து' நாளேட்டுச் செய்தி ஒன்று சொன்னது. ஹட்டன் சாதியைப் பற்றிய தன் நூலில் அதை எடுத்தாள்கிறார். இரவில்தான் அவர்கள் வேலை செய்ய வேண்டும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-இல் வந்தபோது, அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து ஆரோக்கியம் என்று ஒரு பெயரோடு ஒரு பெண் நம் முன்னால் வந்து நின்றாள்.

அம்மாவிடம் கேட்டேன். அவள் ஊர் செய்யூர்ப் பக்கம்.

"வரும். வாசல்ல நின்னு கூப்பிடும். உள்ள வராது. தீட்டுத் துணி, புள்ள பெத்த துணி எல்லாம் அதுதான் எடுத்துக்கிட்டுப் போவும். சாயங்காலம் சோத்துக்கு வரும்."

"பேரு?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "தெரியலடா. சின்னப் பசங்க நாங்களே வா, போன்னுதான் பேசுவோம். எங்க அம்மா வயசு இருக்கும் அதுக்கு."

துவைக்கிற வேலை கண்ணில் படக்கூடாது என்று ஒரு சமூகம் ஏற்பாடு செய்திருந்தது. காதிலும் விழக்கூடாது என்று நாம் இப்போது மெஷினை விளம்பரம் பார்த்து வாங்குகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றில் மனிதர்கள் நசுக்கப்பட்டார்கள், மற்றொன்றில் எஃகு தேய்கிறது. மெஷின் வந்ததை நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் வேலையை மறைத்துவிட்டால் அதைச் செய்வது யார், எப்படி என்று கேட்கும் பழக்கமும் போய்விடுகிறது. இது இரண்டுக்கும் பொது.

வேலை உண்மையில் குறைந்ததா என்பது தனிக் கேள்வி. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய நூலில் இதை ஆராய்ந்தார். மெஷினுக்கு முன்னால் அங்கே நடுத்தர வீட்டுத் துணிகள் சலவைக்காரப் பெண்களிடமோ சலவைக்கூடங்களுக்கோ போயின. மெஷின் வந்ததும் அந்த வேலை வீட்டுக்கே திரும்பி, வீட்டுப் பெண்ணின் தலையில் உட்கார்ந்தது. துணி எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலும் ஏறியது. எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. கல்லில் துவைத்த காலத்தில் அப்பா ஒரு சட்டையை இரண்டு நாள் போடுவார். மெஷின் வந்த பிறகு தினம் ஒன்று. பொத்தானை அழுத்துவது நான். பை பையாய்ப் பார்த்து, வெள்ளையைத் தனியே பிரித்து, காயப்போட்டு, எடுத்து மடிப்பது அம்மா.

7. குறி

திங்கட்கிழமை காலை மெஷினை ஓட்டினோம். அம்மா ஒரு முக்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். சித்தப்பா கைகட்டி நின்றார். தண்ணீர் எடுத்தது, துவைத்தது, அலசியது. பிழிய ஆரம்பித்தபோது மூன்று பேரும் பேச்சை நிறுத்தினோம். 400, 800, 1000. மோட்டாரின் மெல்லிய ஊதல் மட்டும். "ஓடுதா இல்லையாடா?" என்றாள் அம்மா.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்து பத்து வருடம் வரையாவது முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். அந்தப் பட்டியலில் டிரம் பேரிங்கும் உண்டு. ஆனால் தனியாகவும் கொடுக்கலாம், தொகுப்பாகவும் கொடுக்கலாம் என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறார்கள். 'டிரம் செட்டோட மாத்தணும்' என்பதற்கு அங்கேயும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதன் வேலையில் அடக்கம். சட்டம் வரும்போது வரட்டும். தொட்டியை ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். வாங்கும்போது கடைக்காரரிடம் எத்தனை கிலோ, எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறோம். தொட்டி ஒட்டினதா, ஸ்க்ரூவா என்றும் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. நான்கு பேர் கேட்டால் தெரிந்துகொள்வார்.

சித்தப்பா கிளம்பும் முன் என்னிடம் ஒரு மார்க்கர் பேனா கேட்டார். பின்பக்கத் தகட்டின் உட்புறத்தில் எழுதினார்: 6205, 6206, சீல் புதுசு, ஆடி கடைசி ஞாயிறு, வருடம். பிறகு தகட்டை மாட்டி ஸ்க்ரூவை இறுக்கினார்.

"எதுக்கு சித்தப்பா?"

"அடுத்து பிரிக்கிறவனுக்குத் தெரியணும்ல" என்றார்.